முப்பத்தாறு கிராம்

கடைக்காரப் பெண் வலக்கையில் ஒரு ஷூவும் இடக்கையில் ஒரு ஷூவும் தூக்கிப் பிடித்தாள். "வெயிட் கம்மியா வேணுமா மேடம், குஷன் ஜாஸ்தியா வேணுமா? ரெண்டும் ஒண்ணுலயே முழுசா வராது" என்றாள். சிதம்பரம் மேல வீதி. காலை பதினோரு மணி. கடையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வேர்த்தது. யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி இறங்கிவிட்டேன். அவள் என்னை விலைக்குப் பயந்தவள் என்று நினைத்திருப்பாள்.

ஐம்பதை நெருங்கும் என் வயதுக்காரர்களே, நம்மில் பலர் இப்போதுதான் ஓட ஆரம்பித்திருக்கிறோம். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து பயந்து, விடிந்ததும் விடியாததுமாக அண்ணாமலை நகர் சாலைகளில் மூச்சிரைக்கிறோம். கால்களைப் பற்றிப் பேசுவதற்கு நமக்கு இப்போது கூச்சமில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன். அந்தப் பெண் கேட்ட கேள்வியை என் பதின்மூன்றாவது வயதிலேயே என்னிடம் கேட்டுவிட்டார்கள். நான் திருட்டுத்தனமாகப் பதில் சொன்னேன். அதற்கான தண்டனையை வேறொருவர் வாங்கிக்கொண்டார்.

அப்பாவுக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை. பௌதிக ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் தராசுகளைத் துடைப்பது, பித்தளை எடைக்கற்களை மரப்பெட்டியின் குழிகளில் வரிசை மாறாமல் அடுக்குவது, மாணவர்கள் அவற்றைக் கையால் தொட்டால் கத்துவது. விரல் பட்டால் வியர்வை ஏறும், வியர்வை ஏறினால் எடை மாறும், எடை மாறினால் உலகம் மாறும். அப்படித்தான் அவர் நம்பினார். உப்பு போடும் அம்மாவின் கையைக்கூடச் சந்தேகமாகவே பார்ப்பார்.

அந்தப் பொங்கலுக்குப் பிறகு பள்ளியில் விளையாட்டு டீச்சர் என்னைக் கூப்பிட்டு, சித்திரையில் கடலூரில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிறார்கள், ஆயிரத்தைந்நூறு மீட்டரில் முதல் மூன்று பேருக்கு இடம் என்றார். தங்க இடம், படிப்பு, தினமும் முட்டை, பால், நல்ல மைதானம். நான் ஓடுவேன். எனக்கு வேறு எதுவும் அவ்வளவாக வராது. அந்த மூன்று இடங்களில் ஒன்று எனக்கு என்று அப்பா அன்று மாலையே முடிவு செய்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரிக்குப் போய் ஒரு ஜோடி ஷூ வாங்கி வந்தார். நீல நிறம். அடியில் வெள்ளையாகத் தடித்த பஞ்சு. உள்ளே புது ரப்பர் வாசனை. நான் அதை மூக்கில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாம் எல்லோரும் வெள்ளை கேன்வாஸ் ஷூவில் சாக்பீஸ் தேய்த்த தலைமுறை, உங்களுக்குத் தெரியும் அது எப்படிப்பட்ட பொருள் என்று.

மறுநாள் அப்பா அதை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போனார். மாலையில் முகம் இறுகித் திரும்பினார். வலது இருநூற்று அறுபத்தெட்டு கிராம். இடது இருநூற்று எழுபத்தொன்று.

அந்த மூன்று கிராம் அவரைத் தின்றது. இடது கால் கனத்தால் ஓடுகிறவள் இடப்பக்கமாகவே இழுபடுவாள் என்றார். மைதானமே இடப்பக்கமாகத்தானே சுற்றுகிறது என்று அம்மா கேட்டாள். அவர் பிளேடை எடுத்தார்.

முதலில் உள்ளே ஒட்டியிருந்த மெத்தைத் தகடு போனது. பிறகு நாக்குக்குள் இருந்த ஸ்பாஞ்சு. பிறகு நாடா: அதை எடுத்துவிட்டு மெல்லிய நூல்கயிறு கோத்தார். பிறகு குதிகாலின் வெள்ளைப் பஞ்சை உப்புக்காகிதத்தால் தேய்க்க ஆரம்பித்தார். வெள்ளைத் தூள் அவர் கைலியில் மாவு மாதிரி கொட்டும். ஒவ்வொரு முறையும் எடை போட்டு ஷூவின் உள்பக்கம் பென்சிலால் எழுதுவார். 268. 259. 247. காலையில் கால் நுழைக்கும்போது அந்த எண்கள் மேல் நிற்பேன்.

விடியற்காலையில் ஓட்டம். தூங்குமூஞ்சி மரங்களுக்கு அடியில் தார் ரோடு, நடுநடுவே நசுங்கிய காய்களின் இனிப்பு நாற்றம், தூரத்தில் ரயில் கேட் மணி. பின்னால் சைக்கிளில் அப்பா, கழுத்தில் ஆய்வுக்கூடத்து ஸ்டாப் வாட்ச். அதை ஒரு நாள் திருப்பிக் கேட்டுவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு. நேரம் குறையாமல் போய்விடுமோ என்ற பயம் எனக்கு. இரண்டு பயங்களும் ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தன.

மாசி மாதம் கணைக்கால் எலும்பில் வலி வந்தது. இடது கால். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில், ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தில். அப்பாவிடம் சொன்னேன். அவர் கவலைப்பட்டார், உண்மையாகவே கவலைப்பட்டார். இரவுச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு யோசித்தார். பிறகு சொன்னார்: "கால் வலிக்குதுன்னா ஷூ கனம்னு அர்த்தம்."

மறுநாள் ஐந்து கிராம் குறைந்தது. வலி கூடியது. சொன்னேன். இன்னும் ஆறு கிராம் குறைந்தது. எனக்கு அதற்குள் விளங்கிவிட்டது. வலிக்கிறது என்று வாயைத் திறந்தால் காலுக்கு அடியில் இருப்பதில் இன்னும் கொஞ்சம் காணாமல் போகும். ஆகவே வலிக்கவில்லை என்றேன். அப்பாவின் முகம் மலர்ந்தது. பார்த்தியா என்று அம்மாவிடம் சொன்னார். எடையைக் குறைத்ததும் வலி போய்விட்டதாக ஒரு நோட்டில் எழுதினார். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே ஆராய்ச்சி அது. அதன் முடிவை நான் பொய்யாகக் கொடுத்தேன்.

அதன்பின் நானும் அந்த நோயில் விழுந்தேன். ஓடப் போகும்முன் தோட்டைக் கழற்றி வைப்பேன். தண்ணீர் குடிக்க மாட்டேன். ஒரு வாய் தண்ணீர் எத்தனை கிராம் என்று எனக்குத் தெரியும்.

வலியைக் கண்டுபிடித்தவர் மாமா. அம்மாவின் தம்பி, கடலூருக்குப் பக்கத்தில் கடலோரக் குப்பத்தில் இருந்தார், கடலுக்குப் போகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பிளாஸ்டிக் வாளியில் மீனோடு பஸ்ஸில் வருவார், நடத்துனர்களோடு சண்டை போட்டுக்கொண்டே. எங்கள் குடியிருப்பில் மாடிப்படி. நான் அதில் இறங்கி வருவதைக் கீழே நின்று பார்த்தார்.

"என்னா பாப்பா, நண்டு மாதிரி சைடுல எறங்குற?"

நான் சிரித்து மழுப்பினேன். அவர் வாளியை வைத்துவிட்டு என்னைக் கடைசிப் படியில் உட்கார வைத்தார். மீன் செதில் ஒட்டிய கட்டைவிரலால் எலும்பை மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வந்தார். அந்த ஒரு ரூபாய் இடத்தில் விரல் பட்டதும் என் கண்ணில் நீர் தெறித்தது. அவர் ஒரு பழைய தினசரியை விரித்து என்னை அதன்மேல் நிற்கச் சொன்னார். பென்சிலை என் காலைச் சுற்றி ஓட்டினார். உள்ளங்கால் வளைவில் கூச்சம் தாங்காமல் நான் நெளிந்தேன். அடுத்த காலுக்கு அவர் என் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிறு இரண்டு துண்டுகள் வந்தன. வலைக்குப் போடும் மிதவை. மரக்கட்டை மிதவை போய் அப்போதுதான் பஞ்சு மாதிரி ரப்பர் மிதவை வந்திருந்தது. அதைக் கத்தியால் சீவி, என் பாதம் போலவே வெட்டியிருந்தார். ஆரஞ்சு நிறம். உப்பும் டீசலும் கலந்த வாசனை. விரலால் அழுத்தினால் உள்ளே போய், விட்டதும் மெதுவாக மேலே வந்தது.

அப்பா அதை வாங்கி உள்ளங்கையில் வைத்து இரண்டு முறை தூக்கிப் பார்த்தார். மறுநாள் எடை போட்டும் வந்தார். பதினெட்டு, பதினெட்டு. மொத்தம் முப்பத்தாறு கிராம். மாமா அதற்கடுத்த வாரம் வந்தபோது அப்பா நோட்டை எடுத்து விரித்தார். ஆயிரத்தைந்நூறு மீட்டருக்கு ஆயிரத்திருநூறு அடி. ஒவ்வொரு அடிக்கும் பதினெட்டு கிராம். பெருக்கினால் இருபத்தோரு கிலோ அறுநூறு.

"கிட்டத்தட்ட ஒரு சிப்பம் அரிசி மாப்ள. அதத் தூக்கிக்கிட்டு எம் பொண்ணு ஓடணுமா?"

மாமா நோட்டைப் பார்த்தார். பெருக்கலில் தப்பில்லை. "தூக்குறதுக்குக் கணக்குப் போட்டீங்க மச்சான். வுழுறதுக்கு யாரு போடுறது?" என்றார். "படகுல இருந்து மணல்ல குதிக்கிறதும் கட்டாந்தரையில குதிக்கிறதும் ஒண்ணா?"

மணலில் குதிக்கலாம், மணலில் ஓட முடியுமா, கால் புதையாதா என்று அப்பா கேட்டார். அதுவும் சரிதான். இரண்டு பேரும் சரியாகத்தான் பேசினார்கள். ஒருவர் காலை மேலே தூக்குவதையே பார்த்தார், ஒருவர் அது கீழே இறங்குவதையே பார்த்தார், இரண்டுக்கும் நடுவில் என் கால் இருந்தது.

அம்மா சண்டையை முடித்துவைத்தாள். அவளுடைய தையல் மெஷின் தரை மேடுபள்ளத்தில் தடதடவென்று ஆடும். அந்த இரண்டு துண்டுகளையும் அதன் கால்களுக்கு அடியில் செருகினாள். ஆட்டம் நின்றது.

தேர்வு நாள். சித்திரை வெயில் காலை ஆறரைக்கே பஸ் கம்பியில் ஏறியிருந்தது. சிதம்பரத்திலிருந்து கடலூர் வரை அப்பா ஷூவை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். தரையில் வைத்தால் தூசு ஏறும். இருநூற்று இருபத்தொன்பது, இரண்டும் சமம். என் பாவாடை இடுப்பில், உள்ளாடைக்கும் தோலுக்கும் நடுவில், இரண்டு ஆரஞ்சுத் துண்டுகள். அன்று விடிந்ததும் தையல் மெஷினைத் தோளால் நெம்பி உருவி எடுத்திருந்தேன். ஏன் எடுத்தேன்? முந்தின நாள் படியில் இறங்க முடியவில்லை. அவ்வளவுதான். துணிச்சல் இல்லை அது. பயத்தில் இரண்டு வகை உண்டு, அன்று ஒன்று இன்னொன்றைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தது. புதுச்சத்திரம் தாண்டியபோது ஒரு துண்டு நழுவியது. கடலூர் வரும்வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பயப்படாதே என்று அப்பா முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

மைதானத்துக் கழிப்பறையில் ஷூவை மாட்டினேன். 229 என்ற எண் ஆரஞ்சுக்கு அடியில் மறைந்தது.

பதினோரு பேர். மங்கலம்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் வெறுங்காலோடு நின்றாள். சுண்ணாம்புக் கோடு, விசில். மாமா வந்திருந்தார். வேலிக்கு வெளியே இளநீரோடு நின்றுகொண்டிருந்ததை முதல் வளைவிலேயே பார்த்துவிட்டேன்.

வலி இருந்தது. ஆனால் பக்கத்து வீட்டுக் கதவை யாரோ தட்டுவது மாதிரி இருந்தது. அது எனக்குச் சந்தோஷம் தந்திருக்க வேண்டும். தரவில்லை. வலி குறைந்ததும் கனம் தெரிய ஆரம்பித்தது. பதினெட்டு, பதினெட்டு, பதினெட்டு. அப்பா நிற்கும் இடத்தைக் கடக்கும்போதெல்லாம் என் குதிகால் ஷூவில் மேலே ஏறி நிற்பதைக் கண்டுபிடித்துவிடுவாரோ என்று அவர் கண்ணைப் பார்த்தேன். அவர் என் காலைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாவது சுற்றில் இடது எலும்புக்குள் ஒரு சின்னச் சத்தம். நகம் உடைகிற மாதிரி. அதற்குமேல் கால் எனக்குச் சொந்தமாக இல்லை. வெறுங்கால் பெண் எங்கள் வீட்டுச் சண்டை எதுவும் தெரியாமல் வெகு முன்னால் ஓடி முடித்துவிட்டாள். எனக்கு முன்னால் மூன்றாவதாகப் போனவளின் பச்சை ரிப்பன் மட்டும் தெரிந்தது. கையை நீட்டினால் பிடித்திருக்கலாம். நான்காவதாக வந்தேன்.

புல்லில் விழுந்து கிடந்தேன். அப்பா திட்டவில்லை. மண்டியிட்டு நூல்கயிற்றை அவிழ்த்தார். ஷூவைக் கையில் வாங்கியதுமே அவர் கை நின்றது. உள்ளே பார்க்க வேண்டிய தேவையே அவருக்கு இல்லை. அந்தக் கைக்குத் தெரிந்துவிட்டது.

"யாரு வச்சது?"

நான் புல்லைப் பார்த்தேன். ஒரு எறும்பு போய்க்கொண்டிருந்தது. அது போய் முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். வேலியைத் தாண்டி வந்து நின்ற கால்கள் தெரிந்தன.

"நாந்தான் மச்சான்" என்றார் மாமா.

அப்பா ஆரஞ்சுத் துண்டுகளை உருவி அவர் காலடியில் போட்டார். "ஒரு கை தூரம். முப்பத்தாறு கிராம். எம் பொண்ணு வாழ்க்கைய நீ எட போட்டுட்ட." மாமா குனிந்து இரண்டையும் எடுத்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இளநீரை என் பக்கத்தில் நிமிர்த்தி வைத்துவிட்டு நடந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

அதோடு ஞாயிற்றுக்கிழமை மீன் நின்றது.

கோடை முழுக்க நொண்டினேன். யாரும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவில்லை. தோற்ற வருத்தத்தில் பிள்ளை சுருண்டுவிட்டது என்றார்கள், வளர்கிற வயது வலி என்றார்கள். நீல ஷூ பரணுக்குப் போனது, குடியிருப்பைக் காலி செய்தபோது காணாமல் போனது. அம்மாவின் மெஷின் மறுபடி ஆடியது. தேர்வு நடந்த அன்று மாலையே அவள் அதில் உட்கார்ந்து ஒரு தலையணை உறை தைத்தாள். தடதட, தடதட. நிறுத்தினாள். கீழே குனிந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு தைத்தாள். அவள் தம்பியை அவள் கணவனிடம் காப்பாற்ற ஒரு வாக்கியம் போதும், அதைச் சொன்னால் நான் மாட்டுவேன். அவள் சொல்லவே இல்லை. எனக்காக அவள் எதை விட்டாள் என்பது அவள் இறந்த அன்றுதான் முழுதாகத் தெரிந்தது. மாமா வந்து தெருவிலேயே நின்று, பாடை கிளம்பியதும் கூடவே நடந்து, திரும்பும் வழியில் எங்கோ பிரிந்து போய்விட்டார். அப்பாவோ யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்வார். முப்பத்தாறு கிராம் என்று முடிப்பார். கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். நான் காபி கொண்டுவருவேன்.

இப்போது அந்தக் கடைக்கு ஏன் போனேன் என்பதைச் சொல்ல வேண்டும். ஓட ஆரம்பித்து இரண்டு மாதத்தில் இடது காலில் வலி. எலும்பு மருத்துவர் சின்னப் பெண், எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பெட்டியில் செருகிவிட்டுத் திரும்பினாள். சின்ன வயதில் கால் உடைந்ததா என்றாள். இல்லை என்றேன். "ஒடைஞ்சு தானா கூடியிருக்கும்மா. கட்டுகூடப் போடலையா?" எலும்பின் ஓரத்தில் ஒரு தடிப்பு. ஒரு ரூபாய்க் காசு அளவு. இப்போதைய வலி சாதாரண வலிதான், நல்ல ஷூவாக வாங்குங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள். நான் அந்தச் சீட்டின் பின்பக்கத்தில் மாமா கேட்ட கணக்கைப் போட்டேன். அன்று என் எடை முப்பத்தைந்து கிலோ. ஆயிரத்திருநூறு அடி. நாற்பத்திரண்டாயிரம் கிலோ. பெண்ணாடம் ஆலைப் பக்கம் போகும் கரும்பு லாரிகள் இரண்டு, மூன்று, என் மேல். உடைந்த எலும்போடு நான்காவதாக வந்திருக்கிறேன். அந்தத் துண்டுகள் இல்லாவிட்டால் முன்னே வந்திருப்பேனா, முதல் சுற்றிலேயே விழுந்திருப்பேனா? தெரியாது. எந்தத் தராசும் இனி சொல்லாது.

அப்பாவுக்கு வயது எண்பதைத் தொடப்போகிறது. இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். சர்க்கரையில் கால் மரத்துவிட்டது, வலது பெருவிரலில் ஆறாத புண். மெத்தென்ற செருப்புதான் போட வேண்டும், இல்லாவிட்டால் விரல் நமக்கில்லை என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். வாங்கிக் கொடுத்த ஜோடியைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு மூலையில் வைத்துவிட்டார். கனம். தேய்ந்த ரப்பர் செருப்போடு தெருவில் நடக்கிறார். ஒவ்வொரு சாயங்காலமும் அவர் பாதத்தைத் திருப்பிப் பார்க்கிறேன்.

கடையிலிருந்து நேராக அவரிடம்தான் போனேன். அவர் புண்ணுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தார். படத்தைக் கொடுத்தேன். விரல் படாமல் ஓரத்தில் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார்.

"எத்தனாவது ரவுண்டுல?"

"அதுக்கு முன்னாலருந்தே வலிப்பா. மாசியிலருந்து. இல்லன்னு பொய் சொன்னேன்." நிறுத்தினால் மறுபடி முப்பத்தைந்து வருடம் ஆகிவிடும் என்று தோன்றியது. "வச்சது மாமா இல்ல. நாந்தான் மெஷினுக்கு அடியிலருந்து உருவி எடுத்தேன். மாமாவுக்குத் தெரியவே தெரியாது."

அவர் படத்தை உறைக்குள் போட்டார். அன்று பேசவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் போனை எடுக்கவில்லை. ஆபீஸில் சொல்லாமல் கிளம்பி, சரியில்லாத காலோடு அந்த இரண்டு தெருவையும் ஓடினேன். உயிரோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போன் சார்ஜ் போட்டிருந்தது. "அவன் நம்பர் இருக்கா?" என்றார்.

இருந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்காமல் இருந்துவிடட்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். எடுத்தார். பின்னால் கடல்காற்று மைக்கில் மோதும் இரைச்சல்.

"யாரு?"

"நாந்தான்" என்றார் அப்பா.

காற்று மட்டும் கேட்டது. பிறகு, "சொல்லுங்க மச்சான்."

அப்பா என்னைப் பார்த்தார். சொல்ல வேண்டியதை எங்கே பிடித்து எடுப்பது என்று தெரியாதவர் மாதிரி கையை மடியில் வைத்து எடுத்தார். "அந்த மெதப்பு... இப்பவும் கெடைக்குதா மாப்ள?"

"இப்ப வேற தினுசு வருது. இன்னும் மெத்துன்னு. பாப்பாவுக்கா?"

"எனக்கு."

"அளவு எடுத்துப் பாப்பாகிட்ட குடுத்தனுப்புங்க" என்றார் மாமா. "ரெண்டு காலும் எடுங்க. ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது."

தினசரியை விரித்தேன். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் ஏறி நின்றார். நான் தரையில் உட்கார்ந்து பென்சிலைக் குதிகாலில் வைத்தேன். பெருவிரல் பக்கம் வந்தபோது புண்ணில் பட்டுவிட்டது. நான்தான் துடித்துப்போனேன், அவர் அசையவில்லை. உள்ளங்கால் வளைவுக்குள் பென்சில் நுனி நுழைந்து வந்தது. அங்கேயும் அவர் நெளியவில்லை.

ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி அப்பா கேட்டார்: "ஆரம்பிச்சிட்டியா?"

பென்சில் ஒரு சுற்று முடித்து, கிளம்பிய இடத்திலேயே வந்து நின்றிருந்தது.